பரணில் இருக்கும் ஆன்டெனாவுக்கு எர்த் வேண்டுமா?



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று வரும் இந்தப் பாடப் பக்கத்தில் இந்த முறை ஒயரும் கம்பியும் வருகிறதே என்று யோசிப்பீர்கள். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நாங்கள் ஒரு குழுவில் சொன்ன பதில் பாதி தப்பாகப் போய்விட்டது. அதை நாங்களேதான் திருத்த வேண்டும்.

கொள்ளிடம் பக்கத்தில் ஒரு கிராமம். ஆடி மாதக் குழுக் கூட்டம் முடிந்து, தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கிளம்பும் நேரத்தில் ஒரு அக்கா கேட்டார். "மேடம், எங்க வீட்ல பழைய டிவி ஆன்டெனா ஒண்ணு இருக்கு. கூரை மேல இல்ல, பரண்ல கட்டி வச்சிருக்கோம். டிவிக்கு இல்ல, ரேடியோவுக்கு. வெள்ளத்தப்ப கரண்டு இல்லாம கேபிளும் இல்லாம கெடந்தமே, அப்பலேர்ந்து காரைக்கால் ரேடியோ கேக்குறதுக்கு அதைத்தான் மாட்டி வச்சிருக்கோம். அதுக்கும் எர்த் போடணும்ங்குறாங்களே, நெசமா?"

நாங்களும் யோசிக்காமல், "வெளியில கம்பம் நட்டு வச்சாத்தான் அக்கா எர்த்து. வீட்டுக்குள்ள இருக்குறதுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினோம்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது அந்த அக்காவின் மகள் கையில் கட்டுப் போட்டிருந்தது. விதை நெல் மூட்டையை இறக்கப் பரணில் ஏறிய பெண், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆன்டெனாவின் அலுமினியக் குழாயை ஒதுக்கியிருக்கிறாள். தூக்கிப் போட்டுவிட்டது. ஏணியோடு கீழே விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. விழுந்ததால்தான் பிழைத்தாள் என்று அங்கே வந்து பார்த்த எலக்ட்ரீசியன் சொன்னார். குழாயை இறுக்கிப் பிடித்திருந்தால் கை விட்டிருக்காது.

மின்னலும் இல்லை, மழையும் இல்லை. பரண் வழியாகப் போகும் லைட் ஒயரை எலி கடித்திருக்கிறது. தோல் உரிந்த அந்த ஒயர் ஆன்டெனா கட்டியிருந்த இரும்புக் கம்பியில் உரசிக்கொண்டு கிடந்திருக்கிறது. எத்தனை நாளாகக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் மின்னலை மட்டும் மனதில் வைத்துப் பதில் சொன்னோம். நெல் வைக்கிற பரணில் எலி இருக்கும் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

அதன் பிறகு மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடமும், டவுனில் இருக்கும் இரண்டு எலக்ட்ரீசியன்களிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதியதுதான் இந்தப் பாடம்.

ஆன்டெனா நம் ஊருக்கு வந்த கதை

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. நம் பக்கத்துக்குப் படம் தெளிவாக வர அதன் பிறகும் பல வருடம் ஆனது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் நீளமான இரும்புக் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஒருத்தர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, கீழேயிருந்து "வருது... வருது... போச்சு" என்று கத்தியது நம்மில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. 2006-ல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கி 2011 வரை கொடுத்தது. அதற்குள் கேபிள் வந்துவிட்டது, டிஷ்ஷும் வந்துவிட்டது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டன. அதனால் அந்த மீன்முள் ஆன்டெனாவில் இனி டிவி படம் வராது. பண்பலை ரேடியோ மட்டும் ஓரளவு எடுக்கும்.

படம் நின்றாலும் கம்பம் நிற்கிறது. சீர்காழியிலிருந்து திருமுல்லைவாசல் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். துருப்பிடித்த ஆன்டெனாக் குழாய்கள் எத்தனை வீட்டில் சும்மா நிற்கின்றன! பல வீடுகளில் அதில்தான் துணிக்கொடி கட்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம். அதுதான் பரண் ஆன்டெனாவைவிடப் பெரிய ஆபத்து.

எர்த் என்றால் என்ன?

மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயிண்டில் மேலே தடியாக ஒரு ஓட்டை இருக்கும். அதுதான் எர்த். அதிலிருந்து ஒரு கம்பி வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் புதைத்த குழாய் வரைக்கும் போக வேண்டும். போகிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நாங்கள் பார்த்த வீடுகள் சிலவற்றில் அந்த ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. ஓட்டை மட்டும் அழகுக்கு இருக்கிறது.

எர்த்துக்கு இரண்டு வேலை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் எங்களுக்கும் தப்பு வந்தது.

முதல் வேலை, கசிகிற கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோவது. கிரைண்டர், பிரிட்ஜ், இரும்பு பீரோ மேல் வைத்த மிக்ஸி என்று எதன் உடம்பிலாவது கரண்டு வந்துவிட்டால், எர்த் இருக்கும்போது அது கம்பி வழியாக ஒரேயடியாக மண்ணுக்கு ஓடும். அந்த ஓட்டத்தில் பியூஸ் போகும், அல்லது டிரிப்பர் விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொடுகிற வரைக்கும் அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். தொட்டவர் உடம்பே அதற்கு வழி.

இரண்டாவது வேலை, மின்னலுக்கு. மேகம் திரண்டு நிற்கும்போது உயரத்தில் உள்ள இரும்பில் மின்னேற்றம் சேரும். எர்த் கம்பி இருந்தால் அது அவ்வப்போது மண்ணுக்கு வடிந்துவிடும். பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்து கம்பியில் அதிர்ச்சி ஏறினால் அதையும் வீட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிடும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மின்னல் நேராக வீட்டின் மேல் விழுந்தால் ஆன்டெனாவின் எர்த் கம்பி மட்டும் காப்பாற்றிவிடாது. நம் வீட்டு பியூஸ் 5 ஆம்பியர், 15 ஆம்பியர். மின்னலில் பாய்வது சாதாரணமாக 30,000 ஆம்பியர். கட்டடத்துக்கே தனியாக இடிதாங்கி வைப்பது வேறு வேலை. எர்த் போட்டதால் டிவிக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பரணில் இருந்தால்?

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம்.

மின்னலைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் இருக்கும் ஆன்டெனாவுக்கு ஆபத்து குறைவு. கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. சுற்றி இருக்கும் தென்னை மரம் அதைவிட எத்தனையோ உயரம். சர்வதேச மின் தொழில்நுட்ப ஆணையத்தின் விதியிலும், கட்டடத்துக்குள் வைக்கும் ஆன்டெனாவுக்கு மின்னல் பாதுகாப்பு எர்த் கட்டாயம் இல்லை. இந்த அளவுக்கு நாங்கள் சொன்னது சரி. ஓட்டுக் கூரை இடியைத் தடுக்கும் என்பதால் இல்லை. மின்னலுக்கு ஓடும் ஒன்றுதான், கீற்றும் ஒன்றுதான்.

கசிகிற கரண்டைப் பொறுத்தவரை கதையே வேறு. நம் வீட்டுப் பரணை நினைத்துப் பாருங்கள். மூங்கிலும் பலகையும் போட்ட பரண். அதன் மேல் விதை நெல், வறட்டி, பழைய அண்டா, கிழிந்த பாய். ஊடே லைட்டுக்கும் ஃபேனுக்கும் போகும் ஒயர், பைப் இல்லாமல் ஆணியில் சுற்றி விட்டிருக்கும். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும். ஒயரின் ரப்பரும் அதற்கு ஒன்றுதான். அந்த இடத்தில் ஐந்தாறு அடி நீளத்துக்கு அலுமினியக் குழாயைக் கொண்டுபோய் வைக்கிறோம். எந்த மூலையில் எந்த ஒயர் உரசினாலும் முழுக் குழாயிலும் கரண்டு. அதோடு இணைந்த ரேடியோவின் ஏரியல், டிவியின் பின்பக்கம் எல்லாவற்றிலும் கரண்டு.

ஆகவே எங்கள் திருத்திய பதில் இது. பரண் ஆன்டெனாவின் நடுக்குழாயை ஒரு பச்சை நிறச் செம்புக் கம்பியால் வீட்டு மெயின் போர்டில் உள்ள எர்த்தோடு சேர்க்க வேண்டும். குழாயில் சுற்றி விட்டால் போதாது. கிளாம்ப் போட்டு, போல்ட் நட்டு முடுக்க வேண்டும். அலுமினியத்தில் பூஞ்சை பூத்த மாதிரி வெள்ளை படிந்திருக்கும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் முடுக்க வேண்டும். ஆன்டெனா இருக்கும் இடத்திலிருந்து லைட் ஒயரை ஒரு முழமாவது தள்ளி, பி.வி.சி. பைப்புக்குள் விட வேண்டும். இதைச் செய்தால் ரேடியோ சத்தம் குறையுமா என்று ஒருவர் கேட்டார். குறையாது. அலையைப் பிடிப்பது குறுக்குக் கம்பிகள். நடுக்குழாய் அவற்றைத் தாங்கி நிற்கிறது, அதை எர்த் செய்வதால் எதுவும் கெடாது.

ரேடியோ கேட்பதில்லை, டிவிக்கும் வேண்டாம், சும்மாதான் கிடக்கிறது என்றால் மெயினை அணைத்துவிட்டு ஆன்டெனாவைக் கழற்றிப் பழைய அலுமினியத்துக்குப் போடுங்கள். எர்த் போடுவதைவிட அது சுலபம்.

வீட்டு எர்த் நல்ல எர்த்தா?

ஆன்டெனாவை வீட்டு எர்த்தோடு சேர்க்கச் சொல்லிவிட்டோம். வீட்டு எர்த்தே சரியில்லை என்றால்? இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வட்டிக் கணக்குப் போடுகிற நமக்கு இது பெரிய கணக்கு இல்லை.

நம் வீட்டுக் கரண்டு 230 வோல்ட். எர்த் குழாயிலிருந்து மண்ணுக்குள் போக எவ்வளவு தடை இருக்கிறது என்பதை ஓம் என்று அளப்பார்கள். 230-ஐ ஓம் கணக்கால் வகுத்தால் எவ்வளவு கரண்டு ஓடும் என்று ஏறத்தாழத் தெரியும். தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் ஓடும். பியூஸ் உடனே போகும், ஆபத்து தீர்ந்தது. குழாய் துருப்பிடித்து, மண் காய்ந்து தடை 50 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் பியூஸ்கூடப் போகாது. எர்த் கம்பி இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், கிரைண்டர் உடம்பில் கரண்டும் இருந்துகொண்டே இருக்கும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பியூஸ் கட்டையில் தடிக்கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் வீடுகளில் 46 ஆம்பியர் ஓடினாலும் அது போகாது. அந்த வேலையை யாரும் செய்யாதீர்கள்.

எர்த் குழி தோண்டுவது நம் ஊரில் கஷ்டமான வேலை இல்லை. மலைப்பாறை ஊர்க்காரர்கள் படும் பாடு நமக்கு இல்லை. களிமண், ஈரம், கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. எர்த்துக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது. இந்தியத் தர விதி, ஐ.எஸ். 3043 என்று சொல்வார்கள், அதன்படி 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் குழி எடுக்க வேண்டும். பைப்பைச் சுற்றி ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடுவார்கள். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் கொல்லைப் பக்கம் நல்ல இடம். சித்திரை வைகாசியில் மண் வெடிக்கும்போது வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பைப்பிலிருந்து மெயின் போர்டு வரைக்கும் 8-ம் நம்பர் ஜி.ஐ. கம்பி அல்லது அதற்குச் சமமான செம்புக் கம்பி.

பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார் பக்கம் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மண்ணில் உப்பு இருப்பதால் எர்த் நன்றாக எடுக்கும். அதே உப்பு பைப்பையும் கிளாம்பையும் சீக்கிரம் தின்றுவிடும். மேலே பார்த்தால் கம்பி இருக்கும், மண்ணுக்குக் கீழே அறுந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், மண்ணைத் தள்ளிவிட்டு அந்த இணைப்பைப் பாருங்கள்.

இத்தோடு முடிந்தால் ஆர்.சி.சி.பி. என்ற டிரிப்பரையும் மாட்டச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று அதில் போட்டிருக்க வேண்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லை என்றால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். அந்தப் பெண்ணின் வீட்டில் இது ஒன்று இருந்திருந்தால் அவள் தொட்டதுமே கரண்டு அணைந்திருக்கும். அதில் 'டி' என்று எழுதிய பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை, குழுக் கூட்டம் நடக்கும் நாளில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அமுக்கிப் பாருங்கள். விழுந்தால் நல்ல நிலையில் இருக்கிறது. விழாவிட்டால் மாற்றுங்கள்.

இரண்டு எர்த் தனித்தனியாக இருக்கக் கூடாது

இது எங்களுக்குப் புரியவே நேரம் பிடித்தது. அதனால் நிதானமாகச் சொல்கிறோம்.

மாடியில் டிஷ் அல்லது ஆன்டெனா வைத்திருப்பவர்கள் சிலர், அதற்கென்று வாசல் பக்கம் ஒரு கம்பியை மண்ணில் அடித்துத் தனி எர்த் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு எர்த் கொல்லைப் பக்கம். இரண்டு எர்த் இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல். ஒன்றில் முழங்கால் அளவு தண்ணீர், இன்னொன்று காய்ந்து கிடக்கிறது. நடுவில் வரப்பில் ஒரு சின்ன மடை. தண்ணீர் எப்படிப் பாயும்? மடையை அரித்துக்கொண்டு பாயும். பக்கத்தில் மின்னல் விழும்போது வாசல் மண்ணும் கொல்லை மண்ணும் அந்த இரண்டு வயல் மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் மட்டம் ஏறி நிற்கும், மறுபக்கம் ஏறியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் மடையாக இருப்பது உங்கள் டிவி. ஒரு பக்கம் டிஷ் ஒயர், மறுபக்கம் கரண்டு ஒயர். "எங்கேயோ இடி விழுந்துச்சு, எங்க டிவி புகைஞ்சிடுச்சு" என்று சொல்வதில் பல இப்படி நடந்தவைதான். இரண்டு எர்த்தையும் வீட்டுக்கு வெளியே ஒரு தடிக்கம்பியால் இணைத்துவிட்டால் இரண்டு வயலும் ஒரே மட்டமாகிவிடும். அந்தக் கம்பி எவ்வளவு நேராகவும் குட்டையாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மடக்கி மடக்கிச் சுருட்டி வைத்தால் மின்னல் அதில் போகாமல் வேறு வழி தேடும்.

செய்யவே கூடாத இரண்டு

எர்த் குழி தோண்டச் செலவு ஆகும் என்று பிளக் பாயிண்டுக்குள்ளேயே எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுகிறார்கள் சிலர். டெஸ்ட் பண்ணினால் பல்பு எரியும். நாமும் எர்த் வந்துவிட்டது என்று காசு கொடுத்துவிடுவோம். காற்றில் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டில் உள்ள எல்லா இரும்புச் சாமான் மேலும் 230 வோல்ட் வந்து உட்காரும். எலக்ட்ரீசியன் வேலை முடித்ததும், "எர்த் ஒயர் எங்கே போய் முடியுது, காட்டுங்க தம்பி" என்று கேட்டு, கொல்லை வரைக்கும் கூடவே நடந்து பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று, அடிபம்பில் எர்த் கட்டுவது. பைப் ஆழமாகப் போகிறது, எர்த் நன்றாக எடுக்கும் என்பது உண்மைதான். உங்கள் வீட்டு கிரைண்டரில் கசிவு வந்தால், ஈரக்காலோடு நின்று தண்ணீர் அடிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அடிக்கும்.

துணிக்கொடி

ஆன்டெனாக் கம்பத்தில் இரும்புக் கம்பி கட்டித் துணி காயப் போடுவதைப் பற்றிச் சொல்கிறோம் என்றோம். தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் பேப்பரில் அடிக்கடி வரும் செய்தி இது. ஈரத்துணியைக் கொடியில் போட்ட பெண் மின்சாரம் பாய்ந்து இறப்பார், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பார். கொடியின் ஒரு முனை ஜன்னல் கம்பியிலோ தகரக் கூரையிலோ ஆன்டெனாக் குழாயிலோ கட்டியிருக்கும். அங்கே ஒரு சர்வீஸ் ஒயர் உரசியிருக்கும். துணி துவைத்துக் காயப் போடுவது யார் வேலையாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இரும்புக் கம்பியை இன்றைக்கே அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். ஒரு கூட்டத்துக்குக் கொண்டுவரும் டீச் செலவுகூட ஆகாது.

பழைய கம்பத்தை இறக்குவதற்கும் ஒரு முறை உண்டு. கம்பத்தின் நீளத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஈ.பி. லைனில் படுகிற தூரம் என்றால் நீங்களாகத் தொடாதீர்கள். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்திய பிறகுதான் இறக்க வேண்டும். ஈரமான நாளில் வேண்டாம்.

கேபிள் வைத்திருப்பவர்கள் எங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். தெருவில் கேபிள் ஒயர் ஈ.பி. கம்பத்தைத் தொட்டுக்கொண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் அது லைன் கம்பியில் உரசினால் கரண்டு நேராக உங்கள் செட்டாப் பாக்ஸுக்கு வரும். டிவி ஒயரைப் பிடுங்கி மாட்டும்போது கையில் "சுர்ர்" என்று எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது என்று பல பேர் சொன்னீர்கள். பெரும்பாலும் அது டிவிக்குள்ளிருந்து வரும் சின்னக் கசிவு, எர்த் இல்லாததால் கையில் தெரிகிறது. ஆனால் இது சின்னதா பெரியதா என்று கையால் கண்டுபிடிக்க முடியாது. ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இடி இடிக்கும்போது

எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மழைக்கு முன்னால் பிளக்கையும் ஆன்டெனா ஒயரையும் இரண்டையும் கழற்றுவதுதான் டிவிக்கு நல்ல பாதுகாப்பு. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்னல் மேகத்திலிருந்து தாண்டி வருவது, சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியைத் தாண்டாதா? வானம் கருக்கும்போதே கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடித்துக்கொண்டிருக்கும்போது ஒயரைத் தொடப் போகாதீர்கள். டிவி போனால் போகட்டும்.

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வது நம் வழக்கம். சொல்லுங்கள், தப்பில்லை. உள்ளே உட்கார்ந்து சொல்லுங்கள்.

இதில் டிவியைவிட முக்கியமானது நடவு வயல். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நம் நாட்டில் மின்னல் தாக்கி வருடந்தோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். அதில் வயலில் வேலை செய்தவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள் மிக அதிகம். சம்பா நடவும் களையெடுப்பும் நம் ஊரில் சரியாக இடி மழை நேரத்தில்தான் வருகிறது. தண்ணீர் நிற்கும் வயலில் குனிந்து நிற்கும் பத்துப் பெண்கள், சுற்றிலும் அவர்களைவிட உயரமாக ஒன்றும் இல்லை. "இன்னும் ரெண்டு கட்டு நாத்துதான்" என்று யார் சொன்னாலும் கரையேறிவிடுங்கள். பனை மரத்தடிக்குப் போகாதீர்கள். கான்கிரீட் கட்டடம், இல்லாவிட்டால் கதவு மூடிய வேன். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' என்ற செயலியைப் பிள்ளைகளின் செல்போனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். சுற்று வட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

மின்னல் அடித்தவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்பது தப்பு. அவர் உடம்பில் கரண்டு தங்காது. உடனே தொட்டுத் தூக்கலாம், மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்த வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும். வீட்டுக் கரண்டு அடித்தவர் விஷயம் நேர்மாறு. மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2022 நவம்பர் 11-ம் தேதி இரவை நாம் மறக்க முடியாது. ஒரே நாளில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்த பிறகு மீட்டர் போர்டு, பிளக் பாயிண்ட், எர்த் இணைப்பு எல்லாம் சேறாகக் கிடந்தன. அப்படி நனைந்த வீட்டில் எலக்ட்ரீசியன் பார்க்கும் வரைக்கும் மெயினைப் போடக் கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.

அந்தக் கொள்ளிடம் பக்கத்துக் குழு, ஆவணி மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. பதினாறு உறுப்பினர் வீட்டிலும் ஒரே எலக்ட்ரீசியனை வைத்து எர்த் பார்ப்பது, பைப்பும் கம்பியும் மொத்தமாக வாங்குவது, கையில் பணம் இல்லாதவர்களுக்கு உள்கடன் கொடுத்துப் பத்து மாதத்தில் கட்டச் சொல்வது. முதல் சுற்றில் ஒன்பது வீடு பார்த்தார்கள். நான்கு வீட்டில் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, ஒரு வீட்டில் அடிபம்பில் கட்டியிருந்தது. மீதி ஏழு வீடும் புரட்டாசிக்குள் முடியும் என்று ஊக்குநர் சொல்லியிருக்கிறார். மற்ற குழுக்களில் இப்படிச் செய்ய விரும்பினால் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் வீட்டு எண்ணிக்கையை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பைப்பை எல்லாருக்கும் சேர்த்து டவுனில் ஒரே கடையில் விலை பேசிவிடலாம்.